ஏழு முழம் நீளம், ஐந்து முழம் அகலம்

1

இந்தக் கதையைத் திருடித்தான் எழுதுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. திருடிய இடம், படூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. திருடிய பொருள், நாற்பத்து மூன்று குரல் செய்திகள். பொருளுக்குச் சொந்தக்காரி பிரிசில்லா. எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள கல்லூரியில் ஆய்வக உதவியாளர், முப்பது வயதைத் தாண்டியவள். குரல் அவள் கணவன் ஜோயலுடையது. அவன் மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிறான். அங்கே சீனர்களின் பழைய தாவோ சமயக் கோயில் ஒன்றைப் பழுதுபார்க்கிறார்கள். அதற்குச் சாரம் கட்டுகிற வேலை அவனுக்கு.

நான் தாவோ கோயில் எதையும் பார்த்ததில்லை. பிரிசில்லாவும் பார்த்ததில்லை. ஜோயல் தினமும் பார்க்கிறான், ஆனால் படம் எடுக்க முடியாது. காலையில் உள்ளே நுழையும்போதே எல்லோருடைய செல்போனையும் ஓர் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். சாயங்காலம் அறைக்குத் திரும்புகிற வேனில் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்ததை வாயால் சொல்லி அனுப்புவான். ஆக, இந்தக் கதையில் வரும் கோயில் கல்லாலோ மரத்தாலோ ஆனதில்லை. ஒருத்தன் சொன்னது, ஒருத்தி கேட்டது, மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நான் ஒட்டுக் கேட்டது.

(இணையத்தில் தேடினால் ஆயிரம் படம் கிடைக்குமே என்பீர்கள். நானும் அவளிடம் அதைத்தான் சொன்னேன். "அது வேற கோயிலு சார்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.)

2

ஆரம்பம், முதல் முயற்சி: "கடல் சூழ்ந்த அந்தத் தீவில், மலையடிவாரத்தின் மௌனத்தில், காலம் உறைந்து நின்ற ஓர் ஆலயம்..."

அடித்துவிட்டேன். காலம் அங்கே உறையவெல்லாம் இல்லை. கோயிலுக்கு நேர் எதிரே மோட்டார் சைக்கிள் மெக்கானிக் கடை என்று ஜோயல் சொல்லியிருக்கிறான்.

இரண்டாவது முயற்சி: "பிரிசில்லாவின் கண்களில் எப்போதும் ஒரு—"

இதையும் அடித்துவிட்டேன். அவள் கண்களில் எப்போதும் இருப்பது தூக்கம். அணுபுரம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் படூருக்கு வேலைக்கு வருகிறவள் கண்ணில் வேறென்ன இருக்கும்?

மூன்றாவது: "வூட்டுக்கு பிளான் போடணும் சார் என்று அவள் வந்து நின்றாள்." இது நடந்தது. இதையே வைத்துக்கொள்வோம்.

என் பெயர் லக்ஷ்மிநாராயணன். கல்பாக்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன். ஓய்வுக்குப் பிறகு தெரிந்தவர்களுக்கு வீட்டு பிளான் போட்டுத் தருகிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு வேலையிலும் எனக்குப் புத்தி ஒன்றுதான்: அளவு போடாத கோட்டைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

பிரிசில்லா வீட்டில் அவள் அப்பா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். அணுபுரத்துக்கு மேற்கே முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று இப்போது அவள் பேரில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது பெருமை இருந்தது. பெருமையைவிட அவசரம் அதிகமாக இருந்தது. ஜோயல் போய் இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிவிட்டது. கோயில் வேலை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் வரும்போது அஸ்திவாரக் கடைக்காலாவது எழும்பியிருக்க வேண்டும்.

ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் நான் பார்த்துப் போட்டால் போதும் என்றாள். ஒன்று மட்டும் அவள் சொல்கிறபடி இருக்க வேண்டும். வீட்டுக்கு நடுவே ஒரு முற்றம், மேலே கூரை இல்லாமல். ஏழு முழம் நீளம், ஐந்து முழம் அகலம்.

முழக் கணக்கில் சொல்ல இதென்ன மல்லிகைப் பூவா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

3

கோயிலுக்கு மூன்று வாசல். நடு வாசல் சாமிக்கு. மனிதர்கள் வலது பக்கம் நுழைந்து இடது பக்கம் வெளியே வர வேண்டும். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை குறுக்கே கிடக்கும். அதை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். தோளில் சாரக் கம்பியோடு ஜோயல் நாளைக்கு நூறு தடவை அதைத் தாண்டுகிறான். "நம்ம சாமி இல்லதான். ஆனாலும் மிதிக்க மனசு வர்ல பிரிசி" என்கிறான் ஏழாவது செய்தியில்.

கதவுகளில் ஆளுயரத்துக்குக் காவல் தெய்வங்களைத் தீட்டியிருக்கிறார்கள். உள்ளே தூணும் விட்டமும் ஆணியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கோத்தவை. கழற்றிய விட்டத்துக்கெல்லாம் நம்பர் எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்களாம். கூரை முகடு நேராகப் போய் இரண்டு ஓரத்திலும் மேல்நோக்கி வளைகிறது. எவ்வளவு வளைவு என்று பிரிசில்லா கேட்டிருக்க வேண்டும். சதுரங்கப்பட்டினத்துக் கரையில் நிற்கிற ஃபைபர் படகின் மூக்கு அளவுக்கு என்று மறுநாள் பதில் வருகிறது. முகட்டின் மேல் டிராகன்கள்.* அவற்றின் செதில் ஒவ்வொன்றும் பீங்கான் கிண்ணத்தை வெட்டி எடுத்த சில்லு. நல்ல கிண்ணத்தையெல்லாம் உடைத்து உடைத்து ஒட்டுகிறார்கள், பார்த்தால் வயிறு எரிகிறது என்று ஜோயல் புலம்புகிறான்.

[* யாளி என்று எழுதிப் பார்த்தேன். யாளிக்கு உடம்பு இவ்வளவு நீளமில்லை. டிராகன் டிராகனாகவே இருக்கட்டும்.]

நான் இதையெல்லாம் கட்டடமாகக் கேட்டேன். அவளுக்கு இது காலண்டர். முகடு முடிந்தால் சில மாதம் குறைந்தது, விட்டம் ஏறினால் இன்னும் சில மாதம் குறைந்தது. இப்போது பாக்கி இருப்பது கதவு ஓவியம் மட்டும். பெயிண்ட் காய்ந்தால் சாரத்தைப் பிரிப்பார்கள். சாரத்தைப் பிரித்தால் சாரம் கட்டியவன் வீட்டுக்கு வருவான். ஒரு கோயிலின் திருப்பணி சீக்கிரம் முடிய வேண்டும் என்று அந்தச் சாமியை அறியாத ஒருத்தி, தன் சபையில் மண்டியிட்டு ஜெபம் செய்கிறாள்.

பிறகு முப்பத்தோராவது செய்தியைப் போட்டாள். அதை அப்படியே எழுதிவிடுகிறேன்:

"கோயிலுக்கு நடுவுல கூரையே இல்ல பிரிசி. நாலு பக்கத்து ஓடும் உள்பக்கமா சரிஞ்சி கீது. இன்னிக்கு மழ. எல்லாத் தண்ணியும் உள்ளதான் ஊத்துது, அதுக்குன்னே உட்டு வச்சிக்கீறாங்க. சோறு துன்ற நேரத்துல அங்க போய் நின்னேன். மேல பாத்தா, கட்டம் கட்டுன மாதிரி வானம். கையால அளந்துட்டேன். நீளம் ஏழு முழம், அகலம் அஞ்சு முழம். நம்ம வூட்லயும் அதே அளவு உட்டுடு. கடக்கால் போட்டதும் நீ அதுல வந்து நில்லு. நான் சோத்து நேரத்துக்கு இங்க நிக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு வானம்."

செய்தி முடிந்தும் அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இதைத் திருடப் போகிறேன் என்று.

4

முழம் என்றால் ஒன்றரை அடி. ஏழு முழம் பத்தரை அடி, ஐந்து முழம் ஏழரை அடி. இரண்டு நிமிஷத்தில் வரைந்து அவள் முன்னால் நகர்த்தினேன். அவள் தாளைத் தொடக்கூட இல்லை.

"அது உங்க முழம் சார். அவரு ஆறடிக்கு மேல கீறாரு."

வீடு கட்டப் போகிற மேஸ்திரி சடையப்பனும் அளவு சொல்லியிருந்தாராம், கயிற்றைத் தன் முழங்கையிலிருந்து விரல்வரை பிடித்து. சடையப்பன் குள்ளம். அவர் முழத்துக்கும் ஜோயல் முழத்துக்கும் மூன்று அங்குலம் வித்தியாசம் என்றாலும் ஏழு முழத்தில் ஒன்றே முக்கால் அடி போய்விடும். வானத்தில் ஒன்றே முக்கால் அடி போனால் என்ன குடி முழுகிவிடும் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அளவு விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கிற மனுஷியை என் சர்வீஸில் அப்போதுதான் முதல்முதலாகச் சந்திக்கிறேன்.

5

மறுநாள் சாயங்காலம் ஒரு சட்டையோடு வந்தாள்.

(இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். ஒரு தடவை அவளை அழவிட்டேன். ஒரு தடவை மழை பெய்யவைத்தேன். இரண்டும் பொய்.)

வெள்ளை முழுக்கைச் சட்டை, கல்யாணத்துக்குத் தைத்தது. மேஜைமேல் விரித்து இடது கையை நீவிவிட்டாள். முழங்கை மடங்குகிற இடத்தில் துணி நைந்து மெலிந்திருந்தது. அங்கிருந்து மணிக்கட்டுப் பட்டை வரைக்கும் நான் ஸ்கேல் வைத்தேன். பதினொன்றேகால் அங்குலம். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. எனக்குத்தான் தொழில் புத்தி. சட்டை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறதே, முழம் என்பது நடுவிரல் நுனி வரைக்கும் ஆயிற்றே, மிச்சக் கை எவ்வளவு என்று கேட்டேன்.

அவள் தன் வலது உள்ளங்கையை மேஜைக்கு மேலே காற்றில் நிறுத்தினாள், எதிரே இன்னொரு கை இருப்பதைப் போல. தன் விரல் நுனி அவன் விரலில் கடைசிக் கணு வரைக்கும் வரும் என்றாள். உடனே, இல்லை, நடுக் கணு என்றாள். கையைக் கொஞ்சம் இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மறந்துட்டேன் சார்."

அழவில்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட ஆளைப் போலச் சட்டையை மடிக்க ஆரம்பித்தாள்.

6

வாசகரே, நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போனில் கேட்டால் அவனே சொல்லிவிட மாட்டானா? ஒரு வரி. கதையே வேண்டாம்.

நானும் கேட்டேன். கேட்டால் சொல்லிவிடுவார் என்றாள். ஆனால் அவர் கையின் அளவு எனக்கு மறந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்துபோகும். அத்தனை தூரத்தில் இருக்கிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வேன் என்றாள்.

இந்தக் காரணம் பலவீனமானது என்று முதல் பிரதியின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். "இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை." இரண்டு நாள் கழித்து அந்தக் குறிப்பை அடித்தேன். அடித்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை. என் மனைவி பிரபா போய் நான்கு வருஷம் ஆகிறது. அவளுடைய வளையல் அளவு இரண்டேகால். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த வளையலுக்குக் கீழே இருந்த கை என் கையில் எதுவரைக்கும் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. எனக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. அவள் நினைவு வந்து அன்றைக்கு முழுக்க நான் ஒரு வரியும் எழுதவில்லை.

7

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பிளானை அனுப்புவதற்கென்று பிரிசில்லா ஜோயலின் எண்ணை எனக்குக் கொடுத்திருந்தாள். அவளிடம் சொல்லாமல் அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். பிளான் போடுகிற ஆள் பேசுகிறேன், உன் முழம் எத்தனை அங்குலம் தம்பி, அவ்வளவுதான். அவள் மறந்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. ஒரு நிமிஷம் பத்து நொடி.

முதல் நாற்பது நொடி:

"வணக்கம் சார். என் முழம் இன்னாத்துக்கு சார்? அது அவ முழம். நான் விரல மடக்கிக்கினு அளந்தேன். மடக்கிட்டா என் கை அவ கை நீளம் வந்துடும். கல்யாணம் ஆன புதுசுல வச்சி வச்சிப் பாத்துக்கீறோம். அங்க அளக்கப்போறது அவதான சார், அவ கையாலதான அளப்பா? நான் என் கைய நீட்டி அளந்து சொன்னா அவளுக்கு எப்டி சரியா வரும்? அவ கைய ஏழு வாட்டி தரையில வைக்கச் சொல்லுங்க. அவ்ளோதான் வானம்."

இவள் அவன் கையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவன் இவள் கையால் ஒரு கோயிலை அளந்து வைத்திருக்கிறான். இதைக் கேட்டுவிட்டு நான் எழுந்து பால்கனியில் போய் நின்றேன். கீழே கல்லூரி பஸ்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. திரும்பி வந்துதான் மிச்சத்தைக் கேட்டேன்.

அடுத்த முப்பது நொடி:

"இன்னொண்ணு சார். கதவு பெயிண்ட்டு முடிஞ்சிடிச்சி. சாரம் பிரிச்சாச்சி. அடுத்து வேற ஊர்ல இன்னொரு கோயிலு, ஒண்ணர வருசம். கையெழுத்து போட்டுட்டேன். அவகிட்ட இன்னும் சொல்லல. கடக்கால் போடற வரைக்கும் சந்தோசமா இருக்கட்டும், அப்பறம் நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிடாதீங்க சார்."

8

இப்போது முடிவு.

ஒரு முடிவில் இரண்டாம் பாதியே இல்லை. நான்தானே எழுதுகிறேன், அந்த முப்பது நொடியை எழுதாமல் விட்டால் ஆயிற்று. எழுதிப் பார்த்தேன். ஜோயல் மீனம்பாக்கத்தில் இறங்குகிறான், பிரிசில்லா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவன் உள்ளங்கையை நீட்டுகிறான், அவள் தன் கையை— நிறுத்திவிட்டேன். எனக்கு ஆசையாக இருந்தது, நம்பிக்கை வரவில்லை.

இன்னொரு முடிவில் நான் வாயே திறப்பதில்லை. சனிக்கிழமை காலை, அணுபுரத்துக்கு மேற்கே, அவள் மனை. சடையப்பன் முளைக்குச்சிகளை அடித்துக் கயிறு கட்டிவிட்டு, சுண்ணாம்புத் தூள் சட்டியோடு நிற்கிறார். முற்றத்துக்கு என்ன அளவு என்று கேட்கிறார். அவள் யோசித்தே வந்திருக்கிறாள். முழத்துக்கு இருபது அங்குலம் வைத்துப் போடச் சொல்கிறாள். "பெருசா போனா போவட்டும்ண்ணா. சின்னதா போயிடக் கூடாது." கோடு விழுகிறது. ஜோயல் நின்ற வானத்தைவிட அவள் வானம் இரண்டு அடிக்கு மேல் நீளம். அவள் அதற்குள் போய் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். அடுத்த வாரம் அவனே போன் செய்து விஷயத்தைச் சொல்கிறான். இந்த முடிவில் யார்மேலும் குற்றம் இல்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவதில் நான் விஷயத்தை வாயால் மட்டும் சொல்கிறேன்: உன் கையால் அளந்தால் போதுமாம் அம்மா. யார் சொன்னது என்பாள். ஜோயல் என்பேன். போடுங்க, நானும் கேக்கறேன் என்பாள். நாற்பத்து மூன்று செய்திகளையும் அவன் குரலிலேயே கேட்டவள், நாற்பத்து நான்காவதை என் வாயால் கேட்டுத் திருப்திப்பட மாட்டாள்.

நடந்தது இது. இருபது அங்குலம் என்று அவள் சொன்னாள், சடையப்பன் குனிந்தார், தூள் விழ ஆரம்பித்தது. நிறுத்துங்கள் என்று நான் கத்திவிட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போனை எடுத்து, செய்தியைத் திறந்து, நீட்டினேன். பாதியில் நிறுத்திவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அது அவ முழம் என்று அவன் சொன்னபோது அவளுக்கு விளங்கவில்லை. விரல மடக்கிக்கினு என்றபோது தன் கையைப் பார்த்தாள். வச்சி வச்சிப் பாத்துக்கீறோம் என்றபோது சடையப்பன் நிற்பதையும் மறந்து சிரித்துவிட்டாள். இத்தனை நாளில் நான் அவள் சிரித்துப் பார்த்ததில்லை. போனை மண்ணில் வைத்துவிட்டு, அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்து, முழங்கையை முளைக்குச்சியோரம் ஊன்றிக் கையை நீட்டி வைத்தாள். ஒன்று. விரல் நுனி பட்ட இடத்தில் சடையப்பன் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு வைத்தார். அங்கே முழங்கையை ஊன்றினாள். இரண்டு. புடவையில் மண். மூன்று. அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். நான்கு.

முப்பத்தெட்டாவது நொடி. போன் கிடக்கிற இடம் எட்டுகிற தூரம்தான். குனிந்து ஒரு விரல் வைத்தால் அந்தக் குரல் நின்றுவிடும்; மிச்சம் மூன்று முழத்தையும் அவள் இதே முகத்தோடு அளந்து முடிப்பாள். நிறுத்தாவிட்டால், எதையும் ஒளித்து வைக்காத ஜோயல் அவளுக்குக் கிடைப்பான், கூடவே அந்த ஒன்றரை வருஷமும். நான் எழுதுவதை இங்கேயே விட்டுவிடுகிறேன். அவள் ஐந்தாவது முழத்துக்குக் கையை நீட்டுகிறாள். உங்கள் கையை நீட்டுவதும் நீட்டாததும் உங்கள் பொறுப்பு.